பாலித் தீவில் ஒரு எண்ணெய்க் குளியல் நாள்

பெருந்துறையிலிருந்து ஓர் அம்மிணி கேட்டிருக்கிறார். பொங்கல் கழிந்ததும் கணவர், மாமியார், தான் என மூன்று பேராக 6 நாள் பாலிக்குப் போகிறார்கள். கல்யாணமாகி 25 வருடம் நிறைகிறதாம். ஒரு நாள் நல்ல ஸ்பாவுக்குப் போக ஆசை. எந்த நாளில் வைத்துக்கொள்வது, இங்கிருந்தே பதிவு செய்துவிடலாமா, எவ்வளவு செலவாகும், சர்க்கரை உள்ள 70 வயது அத்தையையும் அழைத்துப் போகலாமா, கூச்சமாக இருக்காதா என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். கோவையில் ஒரு பயண அலுவலகத்தில் 14 வருடம் டிக்கெட்டும் ஹோட்டலும் போட்டுக் கொடுத்தவள் நான். பாலிக்கு நானே நான்கு முறை போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஸ்பாவை இரண்டு மணி நேர வேலையாக நினைத்து, காலையில் கோயில், மதியம் ஸ்பா, மாலையில் கடற்கரை என்று பட்டியலில் செருகிவிடாதீர்கள். எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டால் அன்று முழுவதும் வீட்டில் வேறு சட்டம்தான். வெயிலில் இறங்கக் கூடாது, பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது, பகலில் தூங்கக் கூடாது, ஊருக்குக் கிளம்பவே கூடாது. அரப்பு தேய்த்து அலசி, தலை காய்ந்த பிறகு சூடாகச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பகல் தூக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் ஸ்பா நாளுக்கும் பொருந்தும். என்னிடம் வந்து குறைப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஸ்பா மோசமாக அமையவில்லை, அதை வைத்த நாள்தான் மோசமாக அமைந்திருந்தது.

என் கதையையே சொல்கிறேன். முதல் முறை போனபோது நுசா பெனிடா தீவுக்குப் படகில் போய், முகமூடி மாட்டிக்கொண்டு கவிழ்ந்தபடி இரண்டு மணி நேரம் மீன் பார்த்தோம். தண்ணீருக்குள் இருக்கும்போது முதுகில் வெயில் உறைக்கவில்லை. மறுநாள் காலை 10 மணிக்கு உப்பும் காப்பித்தூளும் கலந்து உடம்பு தேய்க்கும் ஸ்கிரப் சிகிச்சைக்கு முன்பணம் கட்டி வைத்திருந்தேன். அந்தப் பெண் என் தோளில் ஒரு கை வைத்ததுமே கையை எடுத்துவிட்டாள். தோல் செக்கச் செவேலென்று வெந்திருந்தது. நானோ பணம் கட்டிவிட்டோமே என்ற நப்பாசையில் 'பரவாயில்லை, தேய்' என்றேன். வெட்டுக்காயத்தில் மிளகாய்ப்பொடி பட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஐந்து நிமிடத்தில் எழுந்து குளிர்ந்த தண்ணீரில் நின்றுவிட்டேன். வெயிலில் வெந்த தோலை ஸ்கிரப்பும் போட்டுத் தேய்க்கக் கூடாது, சூடான எண்ணெயும் தொடக் கூடாது. கடலுக்குப் போகும் நாளுக்கும் ஸ்பா நாளுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாளாவது இருக்கட்டும்.

உங்கள் 6 நாளை நான் இப்படித்தான் பிரிப்பேன். கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போனால் இரவுப் பயணம். சிங்கப்பூரிலிருந்து பாலிக்கு இன்னொரு இரண்டே முக்கால் மணி நேரம். போய்ச் சேரும்போது கால் வீங்கி, கண் எரிந்து, வாய் உலர்ந்திருக்கும். வந்திறங்கிய அன்றே ஸ்பா என்று பல முகவர்கள் தொகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். காசு கொடுத்து இரண்டு மணி நேரம் குறட்டை விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அன்று தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்குங்கள். இரண்டாம் நாள் கடல். அதன் பிறகு தீவின் உட்பகுதியில் இருக்கும் உபுத் பக்கம் தங்குமிடத்தை மாற்றிக்கொண்டு கோயில், வயல் என்று சுற்றுங்கள். ஐந்தாம் நாள் மதியம் 3 மணிக்கு ஸ்பா. ஆறாம் நாள் புறப்பாடு. 3 மணி ஏனென்றால், மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், முடித்து வெளியே வரும்போது வெயிலும் தாழ்ந்திருக்கும். ஜனவரி அங்கே மழைக்காலம். நவம்பரிலிருந்து மார்ச் வரை நீடிக்கும். மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வலுக்கும். நாலாபுறமும் திறந்த மண்டபத்தில் படுத்துக்கொண்டு வாழை இலையில் மழை விழுவதைக் கேட்பது தனிச் சுகம். ஆனால் அதே மழையால் கடல் கொந்தளித்துப் படகு நின்றுபோவதும் உண்டு. கடல் நாள் தள்ளிப்போனால் ஸ்பா நாள் அதன்மேல் வந்து முட்டக் கூடாது. அதற்காகத்தான் அவ்வளவு இடைவெளி விடச் சொல்கிறேன்.

கணவர் ஸ்கூபா டைவிங் போகும் எண்ணத்தில் இருந்தால் அதையும் முதல் நாட்களிலேயே முடித்துவிடட்டும். பலமுறை ஆழத்துக்குப் போய் வந்தவர் விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டைவிங் விதி. டைவிங் முடித்த கையோடு அழுத்தமான மசாஜும் வேண்டாம். பிறகு தோளோ மூட்டோ வலித்தால் அது மசாஜால் வந்த வலியா, உடம்புக்குள் நைட்ரஜன் குமிழ் கட்டியதால் வந்த வலியா என்று பிரித்தறிய முடியாமல் மருத்துவரே திணறுவார்.

அடுத்தது, எங்கே என்பது. பாலியில் ஸ்பா மூன்று தினுசு. தெருவோரக் கடையில் ஒரு மணி நேர மசாஜ் ஒன்றிலிருந்து ஒன்றரை லட்சம் ரூபியா. லட்சம் என்றதும் நெஞ்சைப் பிடிக்காதீர்கள், அங்கே ஒரு லட்சம் ரூபியா என்பது நம் பணத்தில் ஐநூறு சொச்சம். அடுத்தது தனியாக நடத்தப்படும் நடுத்தர ஸ்பா. இரண்டு லட்சத்து ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை ஆகும். தனியறை, சுத்தமான துணி, தேர்ந்த கை எல்லாம் கிடைக்கும். மூன்றாவது, பெரிய ரிசார்ட்டுகளின் ஸ்பா. பத்து லட்சத்தில் தொடங்கி மேலே போகும். பள்ளத்தாக்கு தெரியும், ஆறு தெரியும் என்று படம் போட்டு விற்பார்கள். மசாஜ் மேசையில் முக்கால்வாசி நேரம் குப்புறப் படுத்திருப்பீர்கள். முகம் வைக்கும் ஓட்டைக்குக் கீழே தரையில் ஒரு கிண்ணத் தண்ணீரில் நாலு மந்தாரையும் நாகலிங்கப் பூ நிறத்தில் ஏதோ ஒன்றும் மிதக்கும். நீங்கள் பார்க்கும் இயற்கைக் காட்சி அதுதான். அதனால் நான் எப்போதும் நடுத்தரத்துக்கே வாக்களிப்பேன். வெள்ளி விழா என்பதால் ஒருமுறை ஆற்றோரம் போகத்தான் வேண்டும் என்றால் போங்கள், குறுக்கே நிற்க மாட்டேன்.

தங்கும் இடத்திலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கடற்கரை ஊரான கூத்தாவிலிருந்து உபுத்துக்கு 35 கிலோமீட்டர்தான், பெருந்துறையிலிருந்து பவானிக்குப் போய்வருகிற மாதிரி என்று நினைப்பீர்கள். ஒற்றைச் சாலையும் ஸ்கூட்டர் கூட்டமும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்தை விழுங்கிவிடும். உடம்பைப் பஞ்சாக்கிக்கொண்டு வெளியே வந்து ஒன்றரை மணி நேரம் காரில் குலுங்குவதற்கு எதற்கு ஸ்பா? பல ஸ்பாக்கள் இருவருக்கு மேல் பதிவு செய்தால் இலவசமாகவே கார் அனுப்புகின்றன. அழைத்துப் போக மட்டுமா, திரும்பக் கொண்டுவந்து விடவும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு எப்படி? இங்குள்ள முகவரிடம் தொகுப்பாக வாங்க வேண்டாம். நானே அதை விற்றவள் என்பதால் சொல்கிறேன். இடத்தின் பெயர் இல்லாமல் 'பாலி ஸ்பா 2 மணி நேரம்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். எந்த ஸ்பா என்பது அங்கே போன பிறகு ஓட்டுநர் சொல்லித்தான் தெரியும். அங்குள்ள ஸ்பாக்கள் கிட்டத்தட்ட எல்லாமே வாட்ஸப்பில் பதிவு எடுக்கின்றன. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் எழுதினால் ஜனவரி நடுவில் தாராளமாக இடம் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்ட், கிறிஸ்துமஸ் காலம் என்றால்தான் முன்கூட்டியே முந்த வேண்டும். பாலி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. இரவு எட்டு மணிக்கு நீங்கள் செய்தி அனுப்பினால் அங்கே பத்தரை, பதில் வராது. காலையில் அனுப்புங்கள். நேரம் குறிப்பிடும்போது 'பாலி நேரம்' என்று சேர்த்து எழுதுங்கள்.

மற்றவர்கள் வேறு மாதத்தில் போவதானால் இரண்டு நாட்களைக் கவனிக்க வேண்டும். மார்ச் வாக்கில் வரும் நியேப்பி அவர்களுடைய புத்தாண்டு மௌன நாள். அன்று கடை, சாலை, விமான நிலையம் உட்பட எல்லாம் 24 மணி நேரம் மூடியிருக்கும், ஹோட்டலை விட்டு வெளியே வர முடியாது. 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் பண்டிகைக்கு ஸ்பா பெண்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், பாதிக் கடை அடைத்திருக்கும்.

விலையைக் கேட்கும்போது ஒரு கண்ணியை மறக்காதீர்கள். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று பொருள். இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் நூற்றுக்கு இருபது, இருபத்தொன்று ஆகும். மூன்று பேர் கணக்கில் பார்த்தால் அது சின்னத் தொகை அல்ல. 'எல்லாம் சேர்ந்து கடைசியாக எவ்வளவு' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கார்டில் கட்டினால் கூடுதலாக மூன்று சதவீதம் பிடிக்கும் இடங்களும் உண்டு. கடைசி 24 மணி நேரத்தில் ரத்து செய்தால் முன்பணம் போய்விடும், சில இடங்களில் முழுத் தொகையும் போய்விடும். இன்னொரு நுணுக்கம், '2 மணி நேரம்' என்பதில் கால் கழுவுவது, குளிப்பது, தொட்டியில் ஊறுவது, இஞ்சி டீ குடிப்பது எல்லாம் அடக்கம். கையால் தேய்க்கும் நேரம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். ஒரு மணி நேரம் என்று பதில் வந்தால் நியாயமான இடம்.

என்ன சிகிச்சை எடுப்பது என்பதற்கு ஈரோட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தருவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். அங்கே மிகவும் பெயர் பெற்றது லூலூர். மஞ்சள், அரிசி மாவு, சந்தனம் கலந்து உடம்பெல்லாம் பூசித் தேய்த்து உதிர்த்து, மேலே தயிர் தடவிக் கழுவி, பூ மிதக்கும் தொட்டியில் உட்கார வைப்பார்கள். பக்கத்து ஜாவா தீவின் அரண்மனைகளில் மணப்பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் நாள் கணக்கில் செய்துவந்த வழக்கம் இது. நம் நலங்கு மாவுக்கு அக்காள் தங்கை உறவு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மஞ்சள் விளையும் மண்ணிலிருந்து போய் அங்கே மஞ்சள் பூசிக்கொள்ள வேண்டுமா என்று உங்கள் அத்தை கேட்கக்கூடும். கேட்டால் சிரித்துவிட்டு அழைத்துப் போங்கள். நம் வீட்டில் நாமே பூசிக்கொண்டு நாமே கழுவி, குளியலறைத் தரையையும் நாமேதான் தேய்க்க வேண்டும். அங்கே இன்னொருவர் செய்வார். 25 வருடத்துக்குப் பிறகு அதுவே பெரிய வெகுமதி. வெள்ளைத் துணி மட்டும் உடுத்திப் போகாதீர்கள், மஞ்சள் கறை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று போரே. கிராம்பு, இஞ்சி, பட்டை, ஜாதிக்காய் போன்றவற்றை அரிசி மாவோடு அரைத்துப் பற்றுப்போடுவது. வயலில் நாளெல்லாம் சேற்றில் நின்ற உழவர்களின் கை வைத்தியம் என்று சொல்வார்கள். கோபிப் பக்கம் நடவு முடித்து வருபவர்களின் இடுப்பைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பூசிய சில நிமிடங்களில் தோலுக்கு அடியில் அடுப்பு மூட்டிய மாதிரி இருக்கும். இடுப்பு வலி உள்ள உங்கள் வயதுக்காரர்களுக்கு லூலூரைவிட இதையே சொல்வேன். மென்மையான தோல் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. எதை எடுத்தாலும் முதல் நாள் சவரம், வாக்ஸிங் செய்துகொள்ள வேண்டாம், எரியும்.

இனி அத்தை. இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சர்க்கரை பல வருடமாக இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். சூடான கல் வைக்கும் மசாஜ், வெந்நீரில் கால் ஊறவைப்பது இரண்டும் வேண்டாம். சுடுகிறது என்று அவருக்குத் தெரிவதற்குள் தோல் கொப்பளித்துவிடும். பாதத்தில் வெடிப்போ புண்ணோ இருந்தால் அங்கே எதையும் பூச விடாதீர்கள். இன்சுலின் ஊசி போடுபவராக இருந்தால், ஊசி போட்ட இடத்தைத் தேய்த்தால் மருந்து சீக்கிரம் ரத்தத்தில் ஏறி, சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். வெறும் வயிற்றில் படுக்க வைக்காதீர்கள், கைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். விமானத்தில் வந்த பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அது ரத்தம் உறைந்த அடையாளமாக இருக்கலாம். அந்தக் காலை யாரும் அமுக்கிவிடக் கூடாது, நேரே மருத்துவரிடம் போக வேண்டும். கிளம்பும் முன் அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரத்த அழுத்தமும் இருந்தால் நீராவி அறை வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் அத்தை வெளியே உட்கார்ந்து செருப்பைக் காவல் காக்க வேண்டுமா? வேண்டாம். இந்தோனேசியாவில் கிரீம் பாத் என்று ஒன்று உண்டு. பெயரில் குளியல் இருந்தாலும் குளியல் இல்லை. நாற்காலியில் உட்கார வைத்து, தலைமுடியில் கிரீம் தடவி, தலை, கழுத்து, தோள் என்று ஒரு மணி நேரம் பிடித்துவிட்டு அலசிவிடுவார்கள். தோளில் துண்டு இருக்கும், பெரிதாக எதையும் கழற்ற வேண்டியதில்லை. என் சின்ன மாமியாரை அழைத்துப் போனபோது, முதல் ஐந்து நிமிடம் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தபடி என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இரண்டு கட்டை விரலையும் பிடரியில் வைத்து மேல்நோக்கி உருட்டியதும் பிடி தளர்ந்தது. கண்ணைத் திறக்காமலே 'இவளை ஊருக்குக் கூட்டிப் போய்விடலாமா' என்று கேட்டார்.

கூச்சத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான், எல்லோரும் மனத்துக்குள் கேட்பதை நீங்கள் வாய்விட்டுக் கேட்டீர்கள். தூக்கி எறியும் உள்ளாடை ஒன்று தருவார்கள். மேலே முழுதாக ஒரு துணி போர்த்தியிருக்கும். எந்தப் பகுதியைத் தேய்க்கிறார்களோ அதை மட்டும் விலக்கி, முடித்ததும் மூடிவிடுவார்கள். பாலியில் இந்த வேலையில் பெண்களே அதிகம். ஆனாலும் பதிவு செய்யும்போதே 'எனக்குப் பெண்தான் வேண்டும்' என்று எழுதுங்கள், கணவருக்கு ஆண் வேண்டுமென்றால் அதையும் எழுதுங்கள். தம்பதிகள் அறை கேட்டால் பக்கத்துப் பக்கத்து மேசை கிடைக்கும், பாதிக் கூச்சம் அதிலேயே போய்விடும். மாதவிலக்கு நாளில் வந்து விழுந்தால் தொட்டியை மட்டும் விட்டுவிடலாம், அல்லது முன்கூட்டிச் சொன்னால் நாள் மாற்றித் தருவார்கள். கறுப்புக் கண்ணாடிக் கதவு போட்டு, வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் கடைகளின் பக்கம் கணவரும் போக வேண்டாம், நீங்களும் போக வேண்டாம்.

தாலிக்கொடிதான் நம் பெண்களின் பெரிய சங்கடம். கழுத்தையும் தோளையும் தேய்க்க அது இடைஞ்சல், கழற்றவும் மனம் வராது. பயணத்துக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு போவது எங்கள் வீட்டு வழக்கம். கயிறு என்றால் ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தேய்த்துவிடுவார்கள், எண்ணெய் பட்டாலும் கவலையில்லை. மற்ற நகைகளை ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டே கிளம்புங்கள்.

கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். ஒரு தாளைக் கொடுத்து நோய், ஒவ்வாமை, எந்த இடத்தில் வலி என்றெல்லாம் கேட்பார்கள். அதை மளிகைச் சீட்டு மாதிரி அவசரமாக நிரப்பாதீர்கள். கடலை, பாதாம் ஒத்துக்கொள்ளாதவர்கள் எண்ணெய் எதிலிருந்து எடுத்தது என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். படுத்த பிறகு அழுத்தம் அதிகமானால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது நம்மவர்களின் பழக்கம், மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். 'பெலான்' என்றால் மெதுவாக. 'சாக்கித்' என்றால் வலிக்கிறது. இந்த இரண்டு சொல் போதும். முடித்ததும் பிடித்திருந்தால் பத்து சதவீதம் அளவுக்குத் தேய்த்தவர் கையிலேயே கொடுங்கள், கவுண்டரில் கொடுத்தால் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

ஒரே ஒரு இடத்தில் அவர்கள் வழியும் அம்மிச்சி வழியும் பிரிகின்றன. எண்ணெயை உடனே கழுவாதே, தோல் குடிக்கட்டும் என்பார்கள் அவர்கள். தொட்டிக் குளியல் இல்லாத வெறும் மசாஜ் என்றால் அப்படியே விட்டுவிடலாம். தலையில் எண்ணெய் வைத்திருந்தால் மட்டும் அன்றிரவே அலசிவிடுங்கள், மறுநாள் விமானத்தில் தலை கனத்துப்போகும். ஒரு சிறு பொட்டலம் அரப்புப் பொடியைப் பெட்டியில் போட்டுக்கொண்டால் நல்லது.

அறைக்குத் திரும்பிய பிறகு பெரிய உணவகம் தேடி மழையில் அலையாதீர்கள். பக்கத்துச் சின்னக் கடையில் சோத்தோ ஆயாம் கேளுங்கள். மஞ்சளும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்த கோழிச் சாறு, கூடவே சோறு. நம் நாட்டுக்கோழி ரசத்துக்குப் பக்கத்தில் வரும், மிளகுதான் கொஞ்சம் குறைவு.